இரண்டாம் மினுக்கம்

அரகாட்ஸ் மலையில் பிப்ரவரி.
கதவைத் திறந்தால் கதவளவுக்கு வெள்ளைச் சுவர்.
சமையலறை ஜன்னல் வழியாகத்தான்
நானும் ஹராச்சியாவும் வெளியே போய் வருகிறோம்.
அவன் பனி டிராக்டர் ஓட்டுகிறவன்.
நான் எண்ணுகிறவள்.
ஷோகேர் என்றால் எங்கள் மொழியில் கதிர்கள்;
அதை வைத்துச் செய்யக்கூடிய கேலியெல்லாம்
போன குளிர்காலத்திலேயே தீர்ந்துவிட்டது.

கறுப்பு நாடா சுற்றிய ஒரு வாளிக்கு முன்னால்
உட்கார்ந்திருக்கிறேன்.
உள்ளே அப்படியோர் இருட்டு,
மியூவான் ஒன்று தும்மினாலும் தெரியும்.
முதல் வாரம் தெரிந்ததோ
நாடாவின் ஊசிமுனைக் கிழிசலில் நுழைந்த
எங்கள் குழல்விளக்கு.

வேகத்தை முதலில் எடுத்தேன்.
உத்தரத்தில் ஒரு பலகை, தரையில் ஒரு பலகை.
மேலே தட்டி, கீழே தட்டி,
ஒளியையே முந்திப் போனது இரண்டு நாள்.
மகிழவில்லை.
கம்பியை அளந்தேன்.
ஒன்று மற்றதைவிட ஒரு முழம் குறைவு.
சரிசெய்தபின் ஒன்பது நானோநொடி;
ஒளிக்கு ஒரு மயிரிழை பின்னால்.
கம்பியில் வரும் சேதியோ அதைவிட மந்தம்:
விருந்தாளி வீட்டைக் கடந்து போனபின்
வருகிறார் என்று வந்து சேரும் தந்தி.

பிறகு ஆயுள்.

வாளிக்குள் வருபவை பெரும்பாலும் நிற்பதில்லை.
எப்போதாவது ஒன்று களைத்து நிற்கும்.
ஒரு மினுக்கம்.
பிறகு, எலெக்ட்ரான் ஒன்றை உதறிவிட்டு
அது இல்லாமல் போகும்போது
இன்னொன்று.
இரண்டுக்கும் இடையிலுள்ளதை
நான் சேமிக்கிறேன்.

லவாஷ் ரொட்டியைக் கிழித்தபடி ஹராச்சியா கேட்டான்:
"பிறந்த நேரம் தெரியாமல்
எப்படி ஆயுள் கணிக்கிறாய்?"

தேவையில்லை என்றேன்.
அதற்கு நரை கிடையாது.
இப்போது பிறந்ததும்
இதுவரை பிழைத்துக் கிடப்பதும்
அடுத்த நொடிக்கு முன் ஒன்றுதான்.
எங்கே கடிகாரத்தைத் தொடங்கினாலும்
அங்கிருந்து முழு ஆயுள் மிச்சம்.

ரொட்டி கையிலேயே இருந்தது.
"நான் பிறந்தது கூம்ரியில்,
நிலநடுக்கத்துக்கு மறுநாள்.
பதிவேடு இடிபாட்டுக்கு அடியில்.
யாரிடமும் கைக்கடிகாரம் ஓடவில்லையாம்.
கூடாரத்தில் அடுப்பு பற்றிக்கொண்ட நேரத்தை
அம்மா என் நேரம் என்று வைத்துக்கொண்டாள்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தேநீர் ஊற்றினேன். கொஞ்சம் சிந்தியது.

அன்றிரவு ஜெனரேட்டர் நின்றது.
மூன்று மணி நேரம் எதுவும் எண்ணப்படவில்லை;
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
டீசல் குழாயின் உறைவை அவன் ஊதி ஊதிக் கரைத்தான்.
மின்சாரம் வந்ததும் பார்த்தேன்:
வளைகோட்டில் தையல் தெரியவில்லை.

சரியாகச் சொன்னால் இவை இங்கே வரவே கூடாது.
இந்த ஆயுளுக்கு
அறுநூற்று அறுபது மீட்டர்தான் தாங்கும்.
பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்கி
எங்கள் தகரக் கூரைக்குள் வருகின்றன.
ஓடுகிற வரைக்கும்
அவற்றின் பொழுது மெல்லக் கழிகிறது.
நின்றபிறகுதான்
நம் நேரம் மேலே விழுகிறது.

பத்தொன்பதாம் நாள் ஏட்டில் எழுதினேன்:
இரண்டு புள்ளி ஒன்று மூன்று மைக்ரோநொடி.
பிழை, நூறில் நான்கு.
ஹராச்சியா எட்டிப் பார்த்து,
"இதற்கா இவ்வளவு டீசல்?" என்றான்.
மண்வாரியை ஜன்னலுக்கு வெளியே எறிந்து
அதன் பின்னால் குதித்தான்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை.
முதல் மினுக்கத்துக்குப்பின்
இருபது மைக்ரோநொடி பார்த்துவிட்டு
மின்சுற்று கதவைச் சாத்திக்கொள்ளும்.
அதற்கும் பிறகு யாராவது மினுக்கியிருந்தால்
என் கணக்கில் இல்லை.
நேற்றிலிருந்து அந்த வாளியைக்
கொஞ்சம் மெதுவாகவே நகர்த்துகிறேன்.